ரெண்டாவது கொக்கி

தட்டாதீங்க தம்பி. டிரம்மைத் தட்டிப் பாக்காதீங்க. கையை வச்சுத் தடவிப் பாருங்க, குனிஞ்சு உள்ள பாருங்க, இஞ்சினை வேணும்னா ஓட்டிக் காட்டுதேன். தட்டாதீங்க. என்ன அப்படிப் பாக்குதீய? வாங்க வந்தவன் தட்டிப் பாக்கக் கூடாதான்னு கேக்குதீயளா? பாக்கலாம். ஊர்ல எல்லாவனும் தட்டித்தான் பாப்பான். இங்க வேண்டாம்னு சொல்லுதேன், அவ்வளவுதான்.

சரி சரி, கோவிச்சுக்கிடாதீங்க. இந்தச் செங்கல் அடுக்கு மேல உக்காருங்க. இப்பல்லாம் வாயைத் திறந்தாலே எனக்குக் கத்தலாத்தான் வருது. என் வீட்டுக்காரி இருக்காளே, இவரு வணக்கம் சொன்னாக்கூட திட்டி வஞ்ச மாதிரியே இருக்குங்கா. இருக்கட்டும். எனக்கு நடந்தது அவளுக்கு நடந்திருந்தாத் தெரியும்.

நல்ல மெஷினை எதுக்கு விக்கீயன்னு போன்ல கேட்டீயள்லா? நேர்ல வாங்க, சொல்லுதேன்னேன். மெஷின்ல ஒரு கொறையும் இல்ல. இந்தக் கலவை மிக்சரும் நல்லது, அந்தா நிக்கே லிஃப்ட்டு, கலவையை மாடிக்கு ஏத்துத மெஷினு, அதுவும் நல்லது. கொறையெல்லாம் சட்டம் போட்டவன்கிட்டயும் கூட இருந்தே குழி பறிச்சவன்கிட்டயும்தான் இருக்கு.

இருபத்தாறு வருசமா காங்கிரீட் போடுதேன் தம்பி. சங்கரன்கோவில் சுத்துவட்டாரத்துல ஆவுடையப்பன் செட்டுன்னு கேட்டுப் பாருங்க. பதினாலு ஆளு. கீழ மிக்சர் ஓடும், பக்கத்துல லிஃப்ட்டு ஓடும். ரெண்டும் ஓடுதப்ப நீங்க என் காதுல வாயை வச்சுக் கத்துனாலும் கேக்காது. அதுக்கு நான் ஒரு வழக்கம் வச்சேன். மம்பட்டிக் காம்பால டிரம்மைத் தட்டணும். ஒரு தட்டுன்னா கலவை தயார், கொட்டு. ரெண்டு தட்டுன்னா எல்லாத்தையும் நிறுத்து. ரெண்டு தட்டுக் கேட்டா எவன் எந்த வேலையில இருந்தாலும் கையை எடுத்துரணும். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது. ஒரு தடவை ஒரு பய கேட்டுட்டு நின்னான், அன்னைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிட்டேன். இந்த ஒரு வழக்கத்தாலதான் என் செட்டுல இத்தன வருசமா ஒருத்தருக்கு நகம் பேந்தது கிடையாது. அப்பேர்ப்பட்ட எனக்கு வந்து பாதுகாப்புன்னா என்னன்னு வகுப்பு எடுக்காரு, வண்டியைச் சோதிக்க வந்த பிரேக் இன்ஸ்பெக்டரு!

அவருக்கு வயசு முப்பது இருக்குமா? சட்டை கசங்காம வந்து நின்னுக்கிட்டு, "பிக்கப்புக்குப் பின்னால எத்தனை இழுத்துட்டு வந்தீங்க?"ங்காரு. ரெண்டுன்னேன். முன்னால மிக்சரு, மிக்சருக்குப் பின்னால லிஃப்ட்டு. இருந்ததைச் சொன்னேன், எனக்கென்ன பயம்? "ஒண்ணு இழுக்கவே பேப்பர் சரியா இருக்கணும். ரெண்டு இழுக்கக் கூடவே கூடாது. தெரியாதா?"ன்னாரு. எனக்கு எப்படித் தெரியும்? கரும்பு சீசன்ல வாசுதேவநல்லூர் ரோட்டுல போயி நில்லுங்க. டிராக்டருக்குப் பின்னால ரெண்டு டிரெய்லரு, ரெண்டுலயும் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல, பாம்பு மாதிரி நெளிஞ்சுக்கிட்டுப் போகும். அங்க ஒங்க சட்டம் டீ குடிக்கப் போயிருச்சான்னு கேட்டேன். "அவங்க செய்றதும் தப்புதான்"னாரு. பதிலாய்யா இது?

அதோட விட்டாரா? "பின்னால வந்த ரெண்டுக்கும் பிரேக் இருக்கா?"ன்னாரு. வண்டிக்கு இருக்குல்லா சார்ன்னேன். "நீங்க பிரேக் அடிச்சா உங்க வண்டி நிக்கும். பின்னால வர்றதுகிட்ட யாரு போயி சொல்லுவா?"ங்காரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகிட்ட கேக்குத மாதிரி, பத்துப் பேரு முன்னால. கொக்கி கழண்டா பிடிச்சு நிறுத்துறதுக்குச் சங்கிலி எங்க? பின்னால சிவப்பு லைட்டு எங்க? நம்பர் பிளேட்டு எங்க? கலவை மெஷினுக்கு எதுக்குய்யா நம்பர் பிளேட்டு, அது என்ன பஸ்ஸா? சரக்கு வண்டியில ஆளுங்க ஏன் ஏறுனாங்கன்னு வேற கேள்வி. தளம் போடப் போற ஆளுங்க பின்ன ஏரோப்பிளேன்லயா போவாங்க? எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு. லைசென்ஸைக் கொடுங்கன்னாரு, கொடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் திரும்பி வரலை. கேஸு கோர்ட்டுல கெடக்கு.

நடந்தது என்னன்னு கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என் மேல என்ன தப்புன்னு. எவனும் சொல்ல மாட்டேங்கான்.

போன ஆவணி. கோமதிநாயகம் சார்ன்னு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு, கீழப்புதூர்க்காரரு, வீடு கட்டுனாரு. தளம் போட புதன்கிழமை குறிச்சாரு. ஒம்பதேகால்லேர்ந்து பத்தேகால் வரைக்கும் நல்ல நேரம். அதுக்குள்ள முதல் சட்டி கலவை தளத்துல விழுந்துரணும். "ஆவுடையப்பா, பத்து பதினாறுக்கு விழுந்தா எனக்கு அது வீடில்ல"ன்னாரு. இருபது தடவை சொல்லியிருப்பாரு. எந்தத் தளத்துக்கும் மெஷினை முந்தின நாள் சாயங்காலமே கொண்டு போயி நிறுத்திருவோம். அன்னைக்கு முடியலை. செவ்வாய்க்கிழமை திருவேங்கடத்துல ஒரு தளம். அதையும் நாந்தான் ஒத்துக்கிட்டேன். வந்த வேலையை வேண்டாம்னு சொல்ல முடியுமா? அங்க முடிக்கவே பொழுது சாஞ்சிருச்சி. மெஷினு ரெண்டும் அங்கயே நின்னுபோச்சு.

மறுநாள் காலையில போயி நிக்கேன், மணி எட்டே முக்கால். அங்கேர்ந்து கீழப்புதூர் இருபத்திரண்டு கிலோமீட்டரு. மிக்சரை இழுத்துட்டுப் போயி விட்டுட்டு, திரும்பி வந்து லிஃப்ட்டை இழுத்துட்டுப் போகணும்னா பதினோரு மணி ஆயிரும். என்கிட்ட இருக்கது ஒரே பிக்கப்பு. மந்திரமூர்த்திகிட்ட இன்னொண்ணு இருக்கு, கேட்டாக் கொடுப்பான். அவன் எனக்குப் போட்டியா தளம் போடுத பய. அவன் வாசல்ல போயி நான் நிக்கணுமா? நிக்க மாட்டேன்.

மிக்சருக்குப் பின்னால ஒரு கொக்கி இருக்கு பாருங்க. கம்பெனியில வச்சது இல்ல, நான் பட்டறையில சொல்லி வெல்டு வச்சது. அதுல லிஃப்ட்டை மாட்டுனேன். மாட்டுத பின்னு மட்டும் எங்கயோ விழுந்துபோச்சு. அதனால என்ன? பதினாறு எம்.எம். கம்பித் துண்டு ஒண்ணு கெடந்தது, அதைச் சொருகி, மேலயும் கீழயும் கட்டுக்கம்பியால முறுக்கிக் கட்டுனேன். ஒரு வீட்டையே கம்பியாலயும் கட்டுக்கம்பியாலயும்தான தம்பி நிறுத்துதோம்? ஒரு லிஃப்ட்டைப் பிடிச்சு நிறுத்தாதா?

டிரைவர் மாடக்கண்ணு பாத்தான். பாத்துட்டு ஏறலை. "அண்ணாச்சி, ஒவ்வொண்ணா இழுத்து ரெண்டு போக்கு அடிப்போம்"னான். ஒம்போது வருசமா என்கிட்ட சாப்பிட்ட பய. நல்ல நேரத்தை நீ திருப்பி வாங்கித் தருவியாலேன்னேன். "பாலத்து இறக்கத்துல பின்னாலேர்ந்து தள்ளும் அண்ணாச்சி, நான் எடுக்க மாட்டேன்"னு சாவியை என் கையில வச்சிட்டான். ஆளுங்க அத்தன பேரு முன்னால! எனக்கு வந்த கோவத்துக்கு அங்கயே ரெண்டு வச்சிருப்பேன். பொறுத்துக்கிட்டேன். "நீ பொம்பளைங்களோட பின்னால உக்காந்து வாலே, எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், மெதுவாப் போயிருவேன்"னு சொல்லி நானே ஏறி உக்காந்தேன். இப்ப அவன் மந்திரமூர்த்தி பிக்கப்பைத்தான் ஓட்டுதான். போலீஸ்ல போயி, "நான் வேண்டாம்னு சொன்னேன், அவரு கேக்கலை"ன்னு எழுதிக் கொடுத்துட்டான். பொய்யான்னு கேட்டா, பொய் இல்ல. ஆனா சோறு போட்டவனைப் பத்தி உண்மைன்னாலும் இப்படியா சொல்லுவாங்க?

வெள்ளத்தாயைப் பத்திச் சொல்லணும்லா. மிக்சர் அவ கையிலதான். பதினோரு வருசம். ஜல்லி, மணல், சிமிட்டி எவ்வளவு, தண்ணி எவ்வளவு, எல்லாம் கண்ணாலயே அளப்பா. டிரம்மைத் தட்டுதது அவதான். என் செட்டுல என்னை எதுத்துப் பேசாத ஒரே ஆளும் அவதான். பிக்கப்புல ஏற மாட்டா, நெருக்கடியில தலை சுத்தும்பா. அதுக்காகத்தான் மிக்சருக்குப் பின்பக்கம் பலகை போட்டுக் கொடுத்தேன். அந்தா, கொக்கிக்கு நேர் மேல இருக்கே, அதுதான். காலைத் தொங்கப் போட்டு, மம்பட்டியை மடியில வச்சுக்கிட்டு, டிரம்முல சாஞ்சு உக்காந்து வருவா. அன்னைக்கும் அங்கதான் உக்காந்தா. வேற எங்க உக்காருவா? அது அவ எடம்.

கெளம்புனோம். ரோடு காலியாத்தான் கெடந்தது. நான் வேகமாவும் போகலை. ஹெட்மாஸ்டரு போன் மேல போன். எங்க வாறீங்க, எங்க வாறீங்க. ஒம்பதே முக்காலுக்குப் பாலத்துல ஏறுனேன். அந்தப் பக்கம் நீளமான இறக்கம். இறக்கத்துல லிஃப்ட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட ஆரம்பிச்சிருக்கு. எனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடியில மிக்சரு மட்டுந்தான் தெரியும், அதுக்குப் பின்னால என்ன ஆடுதுன்னு ஓட்டுதவனுக்குத் தெரியுமா? ஒரு சத்தமும் கேக்கலை. கீழ ஒரு வளைவு, அதுல ஆட்டு மந்தை குறுக்க வந்திச்சு, பிரேக்கை மிதிச்சேன். அவ்வளவுதான். கம்பி வளைஞ்சு தெறிச்சிருக்கு. லிஃப்ட்டு முன்னால பாஞ்சு வந்து மிக்சருல இடிச்சிச்சு. நடுவுல அவ காலு.

இடது காலு. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க.

தப்பு யாரு மேல? ஆடு மேய்ச்சவன் மேல இல்லையா? நல்ல நேரம் பாத்த வாத்தியாரு மேல இல்லையா? அந்தப் பெரிய மனுசன் ஆஸ்பத்திரிக்கு எட்டிக்கூடப் பாக்கலை. அடுத்த புதன்கிழமையே, அதே ஒம்பதேகாலுக்கு, மந்திரமூர்த்தியை வச்சுத் தளம் போட்டுட்டாரு. இன்சூரன்ஸ்காரன் சுலபமாக் கையை விரிச்சிட்டான். ரெண்டு இழுத்ததால பாலிசி செல்லாதாம், வெள்ளத்தாய்க்கு அவங்க பொறுப்பு இல்லையாம். ஒண்ணு இழுத்து இப்படி ஆகியிருந்தா காலு முளைச்சிருக்குமாலேன்னு அந்த ஆபீஸ்ல நின்னு கத்திட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் போனேன் தம்பி. தினமும் போனேன். நாலாவது நாள்தான் கண்ணைத் திறந்து பேசுனா. வைவான்னு நெனச்சேன். வஞ்சிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு சொல்லிட்டு, அதோட போயிருக்கும். அவ வையலை. "நான் தட்டுனேன் அண்ணாச்சி. ஒங்களுக்குக் கேக்கலையா?"ன்னா. அதை மட்டுந்தான் கேட்டா. கேக்கலை தாயின்னேன். "அதான பாத்தேன். கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீயளே"ன்னா. என்ன கேள்வி இது? ஓடுத வண்டிக்குள்ள எப்படிக் கேக்கும்? மிஞ்சிப்போனா லேசா ஏதோ கேட்டிருக்கும். பொம்பளைங்க பாட்டுப் பாடித் தாளம் போட்டுக்கிட்டு வருவாளுவ, அப்படின்னு விட்டிருப்பேன். போலீஸ்ல கேட்டாங்க, கேக்கலைன்னுதான் எழுதிக் கொடுத்தேன். கோர்ட்டுலயும் அதேதான் சொல்லுவேன்.

அவ இப்ப வீட்டுலதான் இருக்கா. அடுத்த தெருதான். ஆறு மாசமா அந்தத் தெரு வழியா நான் போகலை. வேலை இருக்கு, போகலை.

இருங்க, மெஷினு வாங்குன பில்லு உள்ள இருக்கு. எடுத்துட்டு வாரேன். நீங்க ஒங்க பிக்கப்பைப் பின்னால எடுத்து மிக்சரை மாட்டுங்க.

இந்தாங்க பில்லு. ரெண்டுக்கும் சேத்து... ஏ, ஏ! என்ன செய்யுதீய?

மிக்சரை மாட்டுனது சரி. லிஃப்ட்டை எதுக்கு உருட்டிட்டு வந்தீய? அந்தக் கொக்கியில கையை வைக்காதீங்க. கையை எடுங்கன்னு சொல்லுதேன்! என்னது? சிவகிரிக்குத்தான, மெதுவாப் போயிருவீயளா? மெதுவாப் போயிருவேன்னுதான்யா நானும் சொன்னேன்! இவ்வளவு நேரம் யாருக்குக் கதை சொன்னேன், இந்தச் செங்கலுக்கா? கையில என்ன அது? கம்பித் துண்டா? எங்க எடுத்தீய? கொடுங்க இங்க. கொடுங்கய்யா!

பாத்தீயளா. தூக்கி வீசுனா அதுவும் டிரம்முலயே போயி அடிக்குது. அடிச்சிட்டுத் துள்ளி இன்னொரு தரம் அடிக்குது.

ரெண்டு போக்கு அடிங்க. ஆமா, நாந்தான் சொல்லுதேன். இவ்வளவு நேரம் சட்டத்தை வஞ்சது நீங்கதானன்னு கேக்குதீயளா? வஞ்சேன். இன்னும் வைவேன். அந்த இன்ஸ்பெக்டரு இப்ப இந்த வாசல்ல வந்து நின்னாலும் வைவேன். ஆனா இது ரெண்டையும் ஒண்ணாக் கட்டி நீங்க இந்தக் காம்பவுண்டைத் தாண்ட முடியாது. விருப்பம் இல்லைன்னா பில்லைக் கொடுத்துட்டுப் போங்க. நான் விக்கலை.

என்ன, ஏன் உக்காந்துட்டீங்கன்னு கேக்குதீயளா? ஒண்ணுமில்ல. உக்காந்திருக்கேன்.

அந்தச் சத்தந்தான். இப்ப கம்பி விழுந்துதே, அதே சத்தம்.

கேட்டுச்சி தம்பி.

பாட்டும் இல்ல, தாளமும் இல்ல. அவளுவ அன்னைக்குப் பாடவே இல்ல, எல்லாம் மாடக்கண்ணு சொன்னதைக் கேட்டுப் பயந்துபோயி உக்காந்திருந்தாளுவ. ரெண்டு தட்டு. கொஞ்சம் விட்டு இன்னொரு ரெண்டு தட்டு. பாலத்துல இறங்க ஆரம்பிச்சப்பவே கேட்டுச்சி. ரெண்டு தட்டுன்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித் தரணுமா? நான் வச்ச வழக்கம். ஏன் எதுக்குன்னு கேக்காம நிறுத்தணும்னு சொன்னவன் நான். மணியைப் பாத்தேன், ஒம்பது நாப்பத்தெட்டு. ஏதாவது சட்டி விழுந்திருக்கும், போயிப் பாத்துக்கிடலாம்னு அழுத்துனேன். அவ மூணாவது தரமும் தட்டுனா. அண்ணாச்சி நிறுத்திருவாருன்னு நம்பி, குதிக்காம, அந்தப் பலகையிலயே உக்காந்து தட்டுனா. பக்கத்துல புல்லு மேடுதான். குதிச்சிருந்தா முட்டி சிராய்ச்சிருக்கும், அவ்வளவுதான்.

கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீயளேன்னு சொன்னாளே தம்பி, அதைத்தான் எனக்குத் தாங்க முடியலை. இன்னமும் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்கா.

அந்த ஸ்பானரை எடுங்க. பலகையில நாலு போல்ட்டு இருக்கு, கழட்டணும். பலகை விலையில சேராது, அதை நான் தர மாட்டேன். ஒங்க ஊர்ல இன்னொருத்தி அதுல உக்காருவா, எனக்குத் தெரியும். வெல்டு வச்ச கொக்கியையும் பட்டறைக்காரனை விட்டு வெட்டிருங்க, முதல் வேலையா. பிடிங்க, இந்தப் பக்கம் பிடிங்க. ம். வந்துட்டு.

நீங்க மிக்சரைக் கொண்டு போயி விட்டுட்டு வாங்க. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அதுக்குள்ள நான் அடுத்த தெருவுக்குப் போயிட்டு வந்துருவேன். எதுக்கா? ஒமக்கு எதுக்குவே அது? அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவ ஒரு கேள்வி கேட்டா, அதுக்குத் தப்பாப் பதில் சொல்லிட்டு வந்துட்டேன். அதைப் போயிச் சொல்லணும். அவளுக்குச் சொன்னப்புறம் கோர்ட்டுலயும் அதைத்தான் சொல்லியாகணும், அவங்க என்னவும் பண்ணிக்கிடட்டும். அவ கதவைச் சாத்துனா வாசல்ல நின்னு சொல்லிட்டு வாரேன்.

என்ன நின்னு பாத்துக்கிட்டு இருக்கீய? வண்டியை எடுங்க. ஒண்ணை மட்டும் இழுத்துட்டுப் போங்க.